எஸ்எல்ஏ எல்லாம் பச்சை, வாடிக்கையாளருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு ஐடி சேவை தருகிறோம். எஸ்எல்ஏவில் (சேவை எந்த அளவுக்கு இருக்கும் என்று ஒப்பந்தத்தில் தரும் உறுதி) ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சைதான். ஆனாலும் மாதாந்தரக் கூட்டத்தில் திட்டுதான் விழுகிறது. என்ன செய்வது?

பதில்: பல வருடங்களாகச் சர்வீஸ் டெலிவரியில் இருக்கிறேன். நீங்கள் உட்காரும் அதே நாற்காலியில் நானும் உட்கார்ந்து திட்டு வாங்கியிருக்கிறேன். அவர்கள் கோபம் நியாயமானது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். துறையில் இதைத் தர்பூசணி என்றே சொல்வார்கள்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு.

சர்வர் 99.9% நேரம் இயங்க வேண்டும் என்பது எஸ்எல்ஏ என்றால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் அது படுத்தாலும் ஒப்பந்தப்படி சரி. ஞாயிறு அதிகாலையில் படுத்தால் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது சம்பளம் போடுகிற நாளில், மாலை நான்கு மணிக்கு நடந்தது. வங்கிக்கு அனுப்ப வேண்டிய ஃபைலோடு கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் 40 நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாத ரிப்போர்ட்டும் பச்சைதான். அந்த ஸ்லைடை நான் காட்டியபோது அவர் எதுவும் பேசவில்லை, நோட்டை மூடி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பிரிவாகப் போய், "எந்த நாளில் சிஸ்டம் நின்றால் உங்களுக்குத் தாங்காது?" என்று கேட்டு ஒரு காலண்டர் போட்டோம். சம்பள நாள், கணக்கு முடிக்கும் நாள், தணிக்கை வாரம். அந்த நாட்களில் எந்த மாற்றமும் செய்வதில்லை. இதை ஒப்பந்தம் போடும்போதே கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம், நிறுத்தி வைத்த டிக்கெட்டுகளை, அதாவது பயனர்கள் பதிந்த புகார்களை, பாருங்கள். "பயனர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று போட்டால், தீர்க்க எடுக்கும் நேரத்தைக் கணக்கிடும் எஸ்எல்ஏ கடிகாரம் நின்றுவிடும். போன மாதம் அப்படி நின்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, உங்கள் ஆள் என்ன கேள்வி கேட்டிருக்கிறார் என்று படியுங்கள். பயனர் முதல் வரியிலேயே சொன்னதைத் திரும்பக் கேட்டிருந்தால், அது நேரத்தை மறைக்கும் வேலை. உறவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் அனுபவம். பயனருக்கு இது புரியாமல் இருக்காது.

எஸ்எல்ஏ தவறினால் தரும் அபராதத் தொகையை பில்லில் கழித்துக் கொடுப்பதால் எதுவும் சரியாகிவிடாது. ஏதாவது நின்றால் அவர்கள் கூப்பிடும் முன் நீங்கள் கூப்பிடுங்கள், காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் பக்கமும் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும். கொள்முதல் பிரிவிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் விலையைத் தாண்டிப் பேச்சு நகராது.

அடுத்த கூட்டத்துக்கு ஸ்லைடு வேண்டாம். அந்த நின்ற டிக்கெட்டுகளில் பத்தை எடுத்துக்கொண்டு போங்கள், அவற்றைப் பதிந்த பயனர்களையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள்.