'லமேசா'வில் ஒட்டிக்கொண்ட 'ல'

கேள்வி: என்னுடன் பணிபுரியும் செவிலியர் பிலிப்பீன்ஸின் செபுத் தீவைச் சேர்ந்தவர். அவருடைய தாய்மொழியான செபுவானோவில் மேசையை 'லமேசா' என்கிறார். நம் 'மேசை'க்கும் அதற்கும் உறவு உண்டா? முன்னால் நிற்கும் 'ல' எங்கிருந்து வந்தது?

பதில்: உறவு உண்டு. லத்தீனின் 'மென்சா' என்னும் சொல், பேச்சில் னகரம் தேய்ந்து, ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'மேசா' ஆயிற்று. போர்த்துக்கீசியர் வழியாக அது நம்மிடம் 'மேசை' என வந்தது. 1565-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபுவில் குடியேற்றம் அமைத்தது முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியில் செபுவானோவுக்கு 'லமேசா' என்று போய்ச் சேர்ந்தது.

அந்த 'ல'தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்பானியர் பெண்பால் பெயர்களுக்கு முன்னால் 'லா' என்ற சிறு சொல்லைச் சேர்த்து, 'லா மேசா' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அதைக் கேட்ட செபு மக்கள் முழுவதையும் ஒரே பெயராக எடுத்துக்கொண்டு, அதன் முன்னால் தம் மொழிக்கே உரிய 'அங்' என்னும் இடைச்சொல்லை வைத்து, 'அங் லமேசா' என்றார்கள். எழுத்தில் ஏகாரம் இருந்தாலும் பலர் வாயில் அது 'லமிசா' என்றே ஒலிக்கும். அ, இ, உ என்ற மூன்று உயிர்களே அம்மொழியின் பழைய உயிரொலிகள். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏட்டைப் பார்த்து எடுத்த சொல்லாக இருந்தால் 'லா' தனியே கழன்றிருக்கும்; காதால் கேட்டு எடுத்ததற்கு அதுவே சாட்சி.

மணி சொல்வதிலும் இதே கதைதான்: பிற்பகல் மூன்று மணியை 'அலாஸ் த்ரேஸ் சா ஹாப்போன்' என்பார்கள், 'மூன்று மணிக்கு' என்னும் ஸ்பானியத் தொடர் அப்படியே மணியின் பெயராகிவிட்டது. பன்மை விகுதியும் இவ்வாறே ஒட்டிக்கொண்டது. 'மன்சானாஸ்' ஸ்பானியத்தில் ஆப்பிள்கள். செபுவில் ஒரே ஓர் ஆப்பிளும் 'மன்சானாஸ்'தான். 'சப்பாத்தோஸ்' என்ற காலணியும் அப்படியே. ஈழத்தில் வழங்கும் 'சப்பாத்து' அதன் போர்த்துக்கீசிய உறவு.

ஸ்பானியரும் இதையே முன்பு அரபுச் சொற்களுக்குச் செய்தவர்கள். 'அஸ்-சுக்கர்' என்பதை அதன் முன்னொட்டோடு விழுங்கி 'அசூக்கர்' ஆக்கினார்கள். செபுவானோவில் சீனிக்கு வழங்கும் 'அசுகார்' அதிலிருந்து வந்தது. அதன் வேரைத் தேடிப் பாரசீகம் வழியாக வடமொழி வரை போனால், அங்கே நம் 'சர்க்கரை'யின் மூலமும் இருக்கிறது.