வேலூர் வெயிலுக்கு சோலார் பேனல் அதிகக் கரண்ட் தருமா? காற்றாலை, நீர்மின்சாரம் நம் பக்கம் சரிப்படுமா?

தராது என்பதுதான் முதல் கேள்விக்குப் பதில். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகவே ஆகாது. நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே கொட்டுவதால் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

பேனலுக்குள் இருப்பவை மெல்லிய சிலிக்கான் தகடுகள். ஒரு பக்கம் துளி பாஸ்பரஸ், மறுபக்கம் துளி போரான் கலந்திருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் தானாகவே ஒரு மின்புலம் உண்டாகிவிடும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் விடுபடும், அந்த மின்புலம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளும். அந்த ஓட்டம்தான் கரண்ட். ஒரு செல்லில் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கிடைக்கும், அதனால் நிறைய செல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். செல் சூடேறினால் இந்த வோல்ட்டேஜ் இறங்கிவிடும்.

பேனலோடு வரும் விவரத்தாளைப் பாருங்கள். 540 வாட் என்று போட்டிருந்தால், அது செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் மொட்டை மாடியில் செல் 65 டிகிரிக்குப் போவது சாதாரணம். 40 டிகிரி கூடுதல், அதாவது 14 சதவீதம் போச்சு. 540 வாட் பேனல் 465 வாட் பக்கம் வந்து நிற்கும். எங்கள் சத்துவாச்சாரி வீட்டிலும் மாசி, பங்குனியில் வானம் தெளிவாக இருக்கும் நாட்களில்தான் மீட்டர் நன்றாக ஓடுகிறது, அக்னி நட்சத்திரத்தில் அவ்வளவு இல்லை.

அதனால் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் போட விடாதீர்கள். ஸ்டாண்டை உயர்த்தி, அடியில் காற்று புகுந்து போக வழி விடச் சொல்லுங்கள். தெற்கு பார்த்து, ஏறக்குறைய 13 டிகிரி சாய்வு போதும், வேலூரின் அட்சரேகை அதுதான். அப்புறம், தண்ணீர். நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கழுவி அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் லேசில் போகாது. விடியற்காலையில் கழுவி, உடனே வைப்பரால் இழுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம்.

இத்தனை இருந்தாலும் நம் ஊருக்கு சோலார்தான் சரி என்று உறுதியாகச் சொல்வேன். 1 கிலோவாட் போட்டால் வருடச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் வரும்.

மற்ற வழிகள் எல்லாம் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஏதோ ஒன்று டர்பைன் என்ற சுழலும் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அதோடு சேர்ந்து ஜெனரேட்டருக்குள் காந்தம் சுழலும்போது செம்புக் கம்பிச் சுருளில் கரண்ட் பிறக்கும், 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த விஷயம் இது. சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் சுற்றுகிறார்கள். காற்றாலையில் காற்று சுற்றுகிறது. ஆனால் காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆரல்வாய்மொழி, பாலக்காடு கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று குறுகிப் பாய்வதால் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. நம் பக்கம் அப்படிப்பட்ட காற்று கிடையாது, வீட்டு மாடியில் சின்னக் காற்றாடி வைக்கச் சொல்லி யாராவது வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நீர்மின்சாரத்துக்கு உயரமும் வேண்டும், வருடம் முழுக்கத் தண்ணீரும் வேண்டும். பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் பார்த்தோம், மற்ற நாட்களில் பெரும்பாலும் மணல்தான். பழைய வட ஆற்காட்டில் என்றால் தென்பெண்ணையில் சாத்தனூர் அணை இருக்கிறது, 119 அடி. பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரிலேயே அங்கே மின்சாரமும் எடுக்கிறார்கள். ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்வது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

பணக் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், கொஞ்சமாகச் செலவழிக்கும் வீட்டுக்கு சோலாரால் பெரிய லாபம் இல்லை. ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் கட்டாயம் போடலாம். 3 கிலோவாட்டுக்கு சுமார் 300 சதுர அடி இடம் வேண்டும். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம்.

இன்னொன்று, பலர் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பேட்டரி இல்லாமல் நெட் மீட்டரோடு (மிச்சக் கரண்ட்டை ஈபி லைனுக்கு அனுப்பிக் கணக்கு வைக்கும் மீட்டர்) போடும் சோலார், ஈபி கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டரை அப்படி அமைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் ஃபேன் ஓட வேண்டும் என்றால், பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும் என்று கொட்டேஷன் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.