நடுவில் ஈரம், ஓரத்தில் கருக்கல்: ஒரு பீட்சா வாரம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில், கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன் என்று போன இதழில் எழுதியதுதான் தாமதம், வந்த கடிதங்களில் பாதி பீட்சாவைப் பற்றி. சரி, இந்த வாரம் முழுக்க அதுவே.

கேள்வி: என் தம்பி நேப்பிள்ஸ் போய் வந்தான். பேர் பெற்ற கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கினானாம். "நடுவில் சொதசொதவென்று இருந்தது, ஓரம் கருகியிருந்தது, திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்" என்கிறான். கொடுத்திருக்கலாமா?

நல்லவேளை, கொடுக்கவில்லை. கடைக்காரர் மனம் உடைந்து போயிருப்பார். தம்பி குறை என்று சொன்ன இரண்டும் அந்த ஊர் பீட்சாவின் அடையாளங்கள்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்னக் கடை. மூன்று ஆட்கள். ஒருவர் மாவைத் தட்டுவார், ஒருவர் மேலே போடுவார், ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். குளிர்காலத்தில் அடுப்போரம் ஒரு ஸ்டூல் எனக்கென்றே காலியாக இருக்கும். ஒரு நாள் வேறு வேலை இல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். பீட்சா உள்ளே போன 20ஆவது விநாடியில் ஓரம் உப்பத் தொடங்கியது. 40ஆவது விநாடியில் அடுப்புக்காரர் நீளப் பிடி போட்ட சின்ன வட்டத் துடுப்பை அடியில் நுழைத்து, ஒரு விளிம்பை லேசாகத் தூக்கி, அடிப்பக்கத்தின் நிறம் பார்த்தார். பிறகு அரைச் சுற்று. இன்னொரு முறை அடியில் பார்த்தார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். கடைசியில் துடுப்போடு சேர்த்து அடுப்பின் கூரைப் பக்கமாக உயர்த்தி, மூச்சு விடும் நேரம் அப்படியே பிடித்தார். 72ஆவது விநாடியில் தட்டுக்கு வந்துவிட்டது.

விறகு எரியும் அந்த அடுப்புக்குள் 485 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். 60 முதல் 90 விநாடிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் மாவு வெந்துவிடும், ஆனால் மேலே இருக்கும் தக்காளிச் சாறும், மொஸரெல்லா என்ற மென்மையான பாலாடைக்கட்டி விடுகிற பால்தண்ணீரும், எண்ணெயும் வற்றுவதற்கு நேரம் கிடையாது. மூன்றும் நடுவில் குழம்பாகக் கூடி நிற்கும். தம்பி பார்த்த "சொதசொத" அதுதான். கருக்கலுக்கும் காரணம் இதே வேகம்தான். மாவைத் தட்டுகிறவர் விரல் நுனியால் நடுவிலிருந்து காற்றை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போவார். உருட்டுக் கட்டை வைத்துத் தேய்த்தால் அந்தக் காற்று செத்துவிடும், அதனால் கட்டைக்கு அங்கே இடமே இல்லை. ஓரத்தில் சேர்ந்த காற்று வெப்பத்தில் விரிந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், கொப்புளத்தின் உச்சி முதலில் கருகும். உப்பிய அந்த ஓரத்துக்குக் கோர்னிச்சோனே என்று பெயர். அதைத் தட்டில் ஒதுக்கிவைத்துவிட்டுப் போகிறவர்களை அடுப்புக்காரர் மறக்க மாட்டார்.

2010இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவைப் பாரம்பரியச் சிறப்பு உணவாகப் பதிவு செய்தது. அந்த விதிகளில் அளவெல்லாம் இருக்கிறது: குறுக்களவு 35 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, நடுவில் கனம் 4 மி.மீ. அளவு, ஓரம் 1 முதல் 2 செ.மீ. மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறு எதுவும் சேராது. இன்னொன்றும் உண்டு: பீட்சா மென்மையாக, புத்தகம் மாதிரி எளிதாக மடிக்க வருவதாக இருக்க வேண்டுமாம். மொறுமொறுவென்று இருப்பதை எப்படி மடிப்பது? மொறுமொறுப்பு வேண்டுமென்றால் உங்கள் தம்பி ரயிலேறி ரோமுக்குப் போயிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும். புள்ளி புள்ளியாகக் கருகியிருந்தால் சரி. அடிப்பக்கம் முழுக்கக் கரியாக இருந்து நாக்கில் கசந்தால், அதைத் தாராளமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

கேள்வி: எருமைப் பால் மொஸரெல்லா போட்டதுதான் உசத்தி என்கிறார்களே?

விலை உசத்தி. எருமைப் பால் மொஸரெல்லா இன்னும் நிறையத் தண்ணீர் விடும். நல்ல கடையில் முன்கூட்டியே நறுக்கி, வடிய வைத்துத்தான் போடுவார்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது, தக்காளியும் பேசிலும், பசும்பாலில் செய்த ஃபியோர் தி லாத்தே மொஸரெல்லாவும் போட்ட சாதா மார்கரீட்டா. எருமைப் பால் மொஸரெல்லாவைத் தனியாக ஒரு உருண்டை வாங்கி, வெறும் தட்டில் வைத்து நறுக்கிச் சாப்பிடுங்கள். அடுப்புக்குள் அனுப்பிவிட்டால் அதன் அருமை பாதி போய்விடுகிறது. இது என் கட்சி. நேப்பிள்ஸில் இதற்கு எதிர்க்கட்சியும் பலமாக உண்டு.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மெனுவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எதை நம்பி வாங்குவது?

முதலில் இரண்டு பெயர்களைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடுகிறேன். இத்தாலிய மெனுவில் "பெப்பரோனி" என்றால் குடைமிளகாய். அமெரிக்கப் பீட்சாவில் அதே பெயரில் வரும் இறைச்சி வட்டங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்த அமெரிக்க மாலுமி ஒருவர் இறைச்சி வரும் என்று ஆசையாக ஆர்டர் செய்துவிட்டு, குடைமிளகாய்த் துண்டுகளை முள்கரண்டியால் புரட்டிப் புரட்டித் தேடியதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மரினாரா. பெயரில் கடல் இருப்பதால் மீன் இருக்கும் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் இருப்பது தக்காளி, பூண்டு, ஆரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பாலாடைக்கட்டிகூட இல்லை. எனக்கு அடுப்பு சரியில்லாத கடையைக் காட்டிக்கொடுப்பது மரினாராதான். பாலாடைக்கட்டி போட்டு மூடி மறைக்க வழி இல்லையே!

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நெத்திலி போட்ட பீட்சாவுக்கு ரோமில் "நாப்போலி" என்று பெயர். நேப்பிள்ஸில் அதையே "ரோமானா" என்பார்கள். இவர் தலையில் அவர், அவர் தலையில் இவர். "அச்சூகே", "அலீச்சி" என்ற இரண்டு சொற்களில் எது கண்ணில் பட்டாலும் அது நெத்திலிதான். பொரித்த பீட்சாவுக்குள் பெரும்பாலும் ரிக்கோட்டா என்ற பாலாடைக்கட்டியோடு பன்றிக் கொழுப்பு வறுவலும் இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். (இந்தப் பொரித்த பீட்சாவுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறுமையில் வீட்டு வாசலிலேயே பொரித்து விற்றார்கள். இன்று சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு என்று கணக்கு.)

பாலாடைக்கட்டி விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். மரபான முறையில் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்ப்பார்கள். அதுவும் கூடாது என்கிறவர்களுக்கு மரினாராவே துணை.

கேள்வி: பீட்சாவில் அன்னாசிப்பழம்?

நேப்பிள்ஸில் இதை உரக்கக் கேட்காதீர்கள். நானும் உங்கள் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

கேள்வி: கையால் சாப்பிடுவதா, கத்தி முள்கரண்டியா? நாங்கள் மூன்று பேர் போகிறோம், ஒரு பெரிய பீட்சா வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு என் மானம் போன கதைதான் பதில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என்னோடு வந்த இருவரையும் சேர்த்து மூன்று பேர் உட்கார்ந்து ஒரே ஒரு மார்கரீட்டா சொன்னோம். பரிமாறுகிறவர் குறித்துக்கொண்டார். கொஞ்சம் நின்றார். பிறகு மிகுந்த அக்கறையோடு, "மற்ற இருவருக்கும் வயிறு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆளுக்கு ஒன்று என்பதுதான் வழக்கம். தட்டை மறைக்கும் அளவில் இருக்கும், ஆனால் மாவு உருண்டை சுமார் 250 கிராம்தான். துண்டு போடாமல் முழுதாக வரும். அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நடுவிலிருந்து கத்தியால் வெட்டி முதல் சில வாய் முள்கரண்டியால் எடுப்பார்கள். ஈரம் குறைந்த பிறகு மீதியைக் கையால் மடித்துச் சாப்பிடுவார்கள். நீங்கள் முதலிலிருந்தே கையால் எடுத்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பேசிக்கொண்டே ஆற விட்டால்தான் சொல்வார்கள். போட்டோ எடுக்க ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ராணிக்காகச் செய்ததால்தான் மார்கரீட்டா என்று பெயர் வந்ததாமே, உண்மையா?

கதை இது: 1889 ஜூன் மாதம் இத்தாலிய ராணி மார்கரீட்டா நேப்பிள்ஸில் தங்கியிருந்தபோது, ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் மூன்று வகை பீட்சா செய்து கொடுத்தார். சிவப்புத் தக்காளி, வெள்ளை மொஸரெல்லா, பச்சை பேசில் இலை என்று கொடியின் நிறத்தில் இருந்தது ராணிக்குப் பிடித்துப்போனது, அவர் பெயரையே வைத்துவிட்டார். அரண்மனையிலிருந்து வந்த நன்றிக் கடிதம் பிராந்தி என்ற கடையில் மாட்டியிருக்கிறது.

அந்தக் கடிதத்தையே வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். தக்காளியும் மொஸரெல்லாவும் பேசிலும் சேர்ந்த பீட்சா ராணி வருவதற்கு முன்பே அந்த ஊரில் இருந்தது. "பீட்சா" என்ற சொல்லோ, கயேத்தா என்ற ஊரில் 997ஆம் ஆண்டு எழுதிய லத்தீன் ஆவணத்திலேயே இருக்கிறது. ஆயருக்குப் பண்டிகைதோறும் 12 பீட்சா கொடுக்க வேண்டும் என்று குத்தகைப் பேச்சு. அப்போது ஐரோப்பாவில் தக்காளியே கிடையாது. ஆயர் எதைச் சாப்பிட்டாரோ!

கேள்வி: உண்மையான கடை எது, பயணிகளைப் பிடிக்கிற கடை எது? பார்த்ததும் தெரிந்துகொள்ள வழி உண்டா?

கடைசி ரயிலைத் தவறவிட்ட ஒரு இரவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். வாசலில் நின்ற ஆள் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்தார். மெனுவில் ஆறு மொழிகள், ஒவ்வொன்றுக்கும் படம். பீட்சா எட்டுத் துண்டாக வெட்டி வந்தது, ஓரம் பலகை மாதிரி. பில்லில் ஆளுக்கு 4 யூரோ "கோப்பெர்த்தோ". இது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம். இத்தாலியில் சாதாரணம்தான், பொதுவாக ஒன்றிரண்டு யூரோவோடு முடியும். மெனுவில் எழுதியிருக்க வேண்டும். நான் தேடிப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிக்கிறேன்.

வாசலில் துடுப்பைப் பிடித்த, கறுப்பு முகமூடிக் கோமாளி பொம்மை போட்ட பலகை இருந்தால், அது 1984இல் தொடங்கிய நேப்பிள்ஸ் பீட்சா சங்கத்தின் சான்று. அது இல்லாத நல்ல கடைகளும் நிறைய உண்டு. நான் பார்ப்பது வேறு: அடுப்பு கண்ணுக்குத் தெரிகிறதா, மெனு ஒரு பக்கத்தில் முடிகிறதா. 1870இல் தொடங்கிய மிக்கேலே கடை மார்கரீட்டா, மரினாரா என்ற இரண்டை மட்டுமே வைத்துக்கொண்டு பேர் வாங்கியது. அப்புறம், மாலை ஆறு மணிக்குப் போய் அடுப்பு இன்னும் சூடாகவில்லையே என்று கோபப்படாதீர்கள். பல கடைகளில் இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குத்தான் தொடங்கும்.

கேள்வி: காரமே இருக்காதாமே?

"ஓலியோ பிக்காந்தே" என்று கேளுங்கள், மிளகாய் ஊறிய எண்ணெய் வரும். இரண்டு சொட்டு போதும். அதற்கு மேல் ஊற்றினால் தக்காளி வருத்தப்படும்.

கேள்வி: எங்களுக்கு ரோமில் இரண்டே நாள். நேப்பிள்ஸ் போக முடியாது. விட்டுவிடலாமா?

எதற்கு விட வேண்டும்? ரோம் வேறு கட்சி. உட்கார்ந்து சாப்பிடும் கடையில் காகிதம் மாதிரி மெல்லிய, கடித்தால் சத்தம் கேட்கிற வட்டப் பீட்சா. தெருவில் "அல் தாலியோ" கடை: நீளத் தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு விற்பார்கள். விரலால் அகலம் காட்டினால் போதும். "ஏத்தோ" என்றால் 100 கிராம். நான்கு வகையில் சின்னச் சின்னத் துண்டாக வாங்கலாம் என்பதால், பங்கு போடும் மூன்று நண்பர்களுக்கும் இதுவே சரியான இடம்.

கேள்வி: பார்சல் வாங்கி ஹோட்டல் அறையில் நிதானமாகச் சாப்பிட்டால் என்ன?

அடுப்பிலிருந்து எடுத்ததும், செய்த இடத்திலேயே சாப்பிடுவதுதான் நல்லது என்று அந்த 2010 விதிகளே சொல்கின்றன. அட்டைப் பெட்டிக்குள் அடைத்தால் ஆவி வெளியே போக வழியில்லாமல் ஓரம் துவண்டுவிடும். பத்து நிமிடத்தில் ஈர ரப்பர்.

உட்கார நேரமில்லாதவர்களுக்கு நேப்பிள்ஸ்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். "போர்த்தஃபோலியோ", அதாவது பணப்பை. சற்றுச் சின்னதாகச் சுட்டு, நான்காக மடித்து, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். விலையும் மலிவு. ட்ரிபுனாலி தெருவில் நின்றபடி சாப்பிடலாம். 1994இல் ஜி-7 மாநாட்டுக்கு வந்த பில் கிளின்டன் பீட்சா சாப்பிட்டதும் இந்தத் தெருவில்தான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் அலுவலகத்தின் மூத்த குமாஸ்தா. டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். கால்களை அகட்டி, இடுப்பை வளைத்து, தெருவைப் பார்த்துக் குனிந்தார். "முதலில் மடிப்பின் முனையைக் கடி. சாறு கீழே போகட்டும், உன் மேல் வேண்டாம்" என்றார். நான் நிமிர்ந்து நின்றே கடித்தேன். தக்காளியும் எண்ணெயும் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கின. அன்று மதியம் நான் கையெழுத்துப் போட்ட சரக்குப் பட்டியலின் மூலையில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. சுங்கத்தில் இருந்தவர் அதை மோந்து பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று மட்டும் கேட்டார்.