பூச்சிகளை எண்ணும் முறை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நாங்கள் மேலூர்ப் பகுதியில் விலங்கியல் பயிலும் மாணவியர். அரிட்டாபட்டியில் கண்ணில் படும் பூச்சிகளையெல்லாம் பட்டியலிட்டு வருகிறோம். பட்டியல் நீளமாக இருந்தால் பல்வகைமை மிகுதி என்று கொள்ளலாமா? பெயர் தெரியாதவற்றை என்ன செய்வது?
– வாசகி ஒருவர், மேலூர்

பதில்: அப்படிக் கொள்ள இயலாது. எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதைப் பொறுத்தும் பட்டியல் நீளும். எனவே குன்றின் அடிவாரம், கண்மாய்க் கரை, புதர்க்காடு ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு தடத்தை நிலையாக வகுத்துக்கொண்டு, வெயில் ஏறிய காலை வேளையில் ஒரே சீரான வேகத்தில் நடந்து, இருபுறமும் முன்னரே முடிவுசெய்த அகலத்துக்குள் தென்படுவனவற்றை மட்டுமே எண்ணுங்கள். அதற்கு அப்பால் எவ்வளவு அழகிய வண்ணத்துப்பூச்சி பறந்தாலும் அது கணக்கில் சேராது. இளையவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுதான் எளிதில் வருவதில்லை. ஒன்றுமே தென்படாத நாளையும் குறித்து வையுங்கள்.

இனங்களின் எண்ணிக்கையோடு ஒவ்வோர் இனத்திலும் எத்தனை என்பதும் வேண்டும். இரண்டு இடங்களில் தலா 100 பூச்சிகள், தலா 10 இனங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் ஒவ்வோர் இனத்திலும் பத்து. மற்றதில் ஒரே இனம் 91, ஏனைய ஒன்பதும் ஒவ்வொன்று. பட்டியல்கள் சமமாகத் தோன்றினாலும் பல்வகைமை முதலிடத்தில்தான் மிகுதி. இனங்களின் எண்ணிக்கையையும் அவற்றின் சமநிலையையும் சேர்த்துக் கணக்கிடும் ஷானன் குறியீடு என்ற அளவை இந்த வேறுபாட்டையே அளக்கிறது.

நடைத்தடத்தில் வண்ணத்துப்பூச்சிகளும் தும்பிகளும் அகப்படும். அந்துப்பூச்சிகளுக்கு இரவில் வெள்ளைத் துணியும் விளக்கும் தேவை, முழுநிலவு நாளில் அவை குறைவாகவே வரும். தரையில் திரியும் எறும்பு, வண்டுகளுக்குக் குழிப்பொறி, அதாவது விளிம்பு தரைமட்டத்தில் இருக்குமாறு மண்ணில் புதைத்த கிண்ணம் உண்டு. ஆனால் அது உயிரைக் கொல்லக்கூடியது என்பதால் வனத்துறையின் அனுமதியின்றி வைக்கலாகாது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அரிட்டாபட்டி. அன்று பறவைகளே பெரிதும் பேசப்பட்டன. நீங்கள் பூச்சிகளை நாடியது மகிழ்ச்சி தருகிறது.

செடிகளையும் பதிவுசெய்யுங்கள், ஏனெனில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று வளர்வது. சித்திரையில் மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தாமல், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னும் அதே தடங்களில் நடந்தாக வேண்டும்.

பெயர் தெரியாதவற்றுக்கு ‘எறும்பு 1’, ‘எறும்பு 2’ எனத் தற்காலிகப் பெயரிட்டு, இறக்கையின் மேற்புறம், கீழ்ப்புறம் தெரியும் ஒளிப்படங்களைக் குழுவினர் அனைவரும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். சிறு வண்டுகள் பலவற்றை ஒளிப்படத்தால் இனம்வரை உறுதிசெய்ய முடியாது. குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதில் குறையொன்றுமில்லை.