அவதார் தொடரில் குடும்பமும் இழப்பும்: கேள்வி பதில்

2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வெளிவந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அசைவூட்டத் தொடர் குறித்து, டெல்டா பகுதி அன்பர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: நாயகி கட்டாராவின் அம்மா இறந்த கதையைக் கேட்டு என் எட்டு வயது மகள் அழுதுவிட்டாள். குழந்தைகளுக்கு இவ்வளவு துக்கம் வேண்டுமா ஐயா?

வேண்டும் என்பதே என் கருத்து, அம்மா. நீரை ஆளும் ஆற்றல் பெற்றவரைத் தேடி வந்த நெருப்பு நாட்டுப் படைத்தலைவனிடம், மகளைக் காப்பதற்காக ‘அது நான்தான்’ என்று பொய் சொல்லி உயிரைக் கொடுத்தவள் அவள் அம்மா கயா. பின்னாளில் அந்தக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் கட்டாரா, கொல்லும் வாய்ப்பு கைக்குள் இருந்தும் அவனை விட்டுவிடுகிறாள். ஆனால் மன்னித்துவிடவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்கிறாள். குழந்தைகளுக்கான கதைகள் பெரும்பாலும் மன்னிப்பில் கொண்டுபோய் முடித்துவிடும். இத்தொடர் அப்படிச் செய்யாதது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவளுடைய அண்ணன் சோக்காவோ, அம்மாவை நினைக்க முயன்றால் தங்கையின் முகம்தான் தோன்றுகிறது என்று தோழி டாஃபிடம் ஒப்புக்கொள்கிறான். மகளின் அருகில் அமர்ந்து இவற்றை நீங்களும் பாருங்கள்.

மன்னார்குடி அன்பர்: நெருப்பு நாட்டின் பெரும் தளபதியான ஐரோ, மகன் இறந்ததும் போரையே கைவிடுவது நம்பும்படி இருக்கிறதா?

எதிரி நாட்டின் தலைநகரான பா சிங் சேயை 600 நாள் முற்றுகையிட்டும், மகன் லூ டென் அங்கே மடிந்ததும் அவர் திரும்பிவிடுகிறார். அரியணையும் தம்பி ஓசாயிடம் போய்விடுகிறது. நம்பவைப்பது அந்த முடிவைவிட அதன் பிறகு வருவதுதான். தாம் அழிக்க வந்த அதே நகரில் அகதியாகத் தேநீர்க் கடையில் வேலை செய்யும் அவர், மகனின் பிறந்தநாளன்று குன்றின் மேல் ஒரு மரத்தடியில் அவன் படத்தை வைத்து, பாடியபடியே அழுகிறார். ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரில் கூடும் நம் மக்களுக்கு இக்காட்சியை விளக்கவேண்டியதில்லை. ஐரோவுக்குக் குரல் கொடுத்து 2006இல் மறைந்த மாக்கோவுக்கே இப்பகுதி காணிக்கையாக்கப்பட்டது.

திருவையாறு மாணவர்: ஓசாயின் மகன் ஜூக்கோ யாருடைய வாரிசு?

தந்தைவழிக் கொள்ளுப்பாட்டன் சோசின் போரைத் தொடங்கியவர். தாய்வழிக் கொள்ளுப்பாட்டன் ரோக்கு, அவரைத் தடுக்க முயன்ற அவதார், அதாவது நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆள்பவர். இருவரில் எவர் வழியில் நடப்பது என்பதை அவனேதான் முடிவுசெய்கிறான். பதின்மூன்று வயதில் முகத்தைச் சுட்டு நாடு கடத்திய தந்தையைக் காட்டிலும், மகனை இழந்த பெரியப்பா ஐரோவே அவனுக்குத் தந்தையாக நிற்கிறார்.

மயிலாடுதுறை அன்பர்: தொடரின் நாயகனான அவதார் ஆங் நல்ல தந்தையா?

இதன் தொடர்ச்சியாக 2012இல் தொடங்கிய கோரா தொடர் இதற்குக் கசப்பான பதிலைத் தருகிறது. தன் இனமே அழிக்கப்பட்ட பின் எஞ்சிய ஒரே காற்றாளன், அதாவது காற்றை ஆளும் ஆற்றலுள்ளவன், ஆங். அவனுக்கும் கட்டாராவுக்கும் பிறந்த பிள்ளைகள் மூவரில் டென்சினுக்கு மட்டுமே அவ்வாற்றல் வாய்த்ததால், பயணங்களுக்கு ஆங் டென்சினையே அழைத்துச் சென்றான் என்று மற்ற இருவரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். மெலட்டூர் பாகவத மேளாவைப் போலச் சில குடும்பங்களே தலைமுறையாகக் காத்துவரும் கலைகளை அறிந்தவர்களுக்கு, அரங்கேறும் பிள்ளையின் சுமையும் அரங்கேறாத பிள்ளையின் ஏக்கமும் புரியும். பாட்டியின் பெயரையே சூட்டியிருந்தும் மகள் கயா ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தது ஆங்கின் தவறு என்றே நான் கருதுகிறேன்.

அதே கும்பகோணத்துத் தாய்: அப்படியானால் கோராவையும் மகளுக்குக் காட்டலாமா?

இப்போது வேண்டாம், அம்மா. அதில் வன்முறை கடுமையானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகட்டும்.