உரியா கொண்டுபோன கடிதம்

கேள்வி: பழைய ஏற்பாட்டுக் கதைகள் பலவும் கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியத்திலிருந்து சுட்டவை என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் அடித்துப் பேசினார். உரியா கொண்டுபோன கடிதத்தை உதாரணம் காட்டினார். உண்மையா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருட்டுப் பட்டம் கட்டுமுன் இலியட்டின் 6-ஆம் காண்டத்தைப் பாருங்கள். அரசன் மனைவி பெல்லரோஃபோன் என்ற இளைஞன்மேல் ஆசைப்படுகிறாள், அவன் மசியவில்லை. 'என்னைக் கெடுக்கப் பார்த்தான்' என்று புருஷனிடம் மாட்டிவிடுகிறாள். தன் கையால் கொல்லக் கூசிய அரசன், மடித்த பலகையில் கொலைக்குறிகளைக் கீறி, லிசியாவில் இருக்கும் மாமனாரிடம் சேர்க்கச் சொல்லி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். மாமனார் ஒன்பது நாள் ஒன்பது மாடு அடித்து விருந்து வைத்துவிட்டு, பத்தாம் நாள்தான் 'எங்கே ஓலை?' என்கிறார். (சோறு போடாமல் வந்த காரியம் விசாரிப்பது கிரேக்க மரியாதை இல்லை.)

பைபிளில் இந்தக் கதை இரண்டாகக் கிடக்கிறது. பொய்ப்பழி ஆதியாகமம் 39-இல், போத்திபாரின் மனைவி யோசேப்பின்மேல் போட்டது. கடிதம் 2 சாமுவேல் 11-இல், பத்சேபாளின் கணவன் உரியாவைச் சாகவிடச் சொல்லி தாவீது ராஜா எழுதி, அவன் கையிலேயே கொடுத்தனுப்பியது. சுடுகிறவன் ஒரே கதையைப் பிய்த்து, சம்பந்தமில்லாத இரண்டு பேர் தலையில் கட்டுவானேன்? பொய்ப்பழி போடும் மனைவி கி.மு. 1200 வாக்கில் எழுதிய எகிப்திய பாப்பிரஸ் ஒன்றிலேயே, அண்ணன் தம்பி கதை ஒன்றில் இருக்கிறாள். அந்தச் சுருள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில். கொண்டுபோகிறவனையே கொல்லச் சொல்லும் சாவோலையோ அதற்கும் முன்பே சுமேரியர் சொன்ன சர்கோன் என்ற அரசனின் கதையில் வந்துவிட்டது. ஹோமர் இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு பிந்தியவர். நம் பழங்கதைச் சந்திரஹாசன் கையிலும் 'விஷம் கொடு' என்று ஓர் ஓலை இருந்ததே, அதை யார் கணக்கில் எழுதுவது?

கடன் கணக்குதான் வேண்டுமென்றால் எழுத்திலிருந்து தொடங்குங்கள். இலியட் முழுவதிலும் எழுத்து மாதிரி ஒன்று தலைகாட்டுவது அந்தப் பலகையில் மட்டும்தான். கிரேக்கருக்கு எழுத்து வந்தது எபிரேயரின் அண்டை வீட்டாரான பினீசியர்களிடமிருந்து என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே சொல்கிறார். எபிரேயனின் ஆலெஃப், பேத். கிரேக்கனின் அல்ஃபா, பீட்டா. சரக்கு கிழக்கிலிருந்து மேற்கே போயிருக்கிறது.

கிரேக்க வாடை நிஜமாக அடிக்கும் இடம், தாவீதோடு மோதிய கோலியாத். அவன் இனத்தாரான பெலிஸ்தர் கப்தோரிலிருந்து வந்தவர்கள் என்கிறது ஆமோஸ். அது கிரீட் தீவு என்பது பலரின் கருத்து. 1 சாமுவேல் 17-இல் கோலியாத்தின் கால்களில் வெண்கலக் கவசம். எபிரேய வேதத்தில் வேறு எந்த வீரனுக்கும் அது சொல்லப்படவில்லை. ஹோமரிலோ 'நல்ல கால்கவசம் பூண்டவர்கள்' என்பது கிரேக்கப் படைக்கே அடைமொழி. பேச்சாளர் இதைச் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

கடிதத்துக்கு வருவோம். பெல்லரோஃபோன் கிமேரா என்ற அரக்க மிருகத்தைக் கொன்று, வைத்த சோதனையெல்லாம் ஜெயித்து, அந்த மாமனாரின் இன்னொரு மகளையும் ராஜ மரியாதையில் பாதியையும் பெறுகிறான். ஓலை எழுதியவனை ஹோமர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரியா செத்துப்போகிறான். ஆனால் எழுதிய தாவீதைத் தேடி நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். தங்கள் இனத்தின் தலைசிறந்த ராஜாவை நேருக்கு நேர் பார்த்து 'நீயே அந்த மனுஷன்' என்கிறார். அது 12-ஆம் அதிகாரம். உங்கள் பேச்சாளர் 11-ஓடு புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது.