எட்டு அடுக்கு வகைப்பட்டியலுக்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். சர்வரில் இருந்த கோப்புகளை அப்படியே ஷேர்பாயிண்டுக்கு (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் கோப்புச் சேமிப்பகம்) மாற்றினோம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இருப்பதால் எதையும் தேடி எடுக்க முடியவில்லை. எல்லா ஃபோல்டரையும் ஒழித்து, எட்டு அடுக்கு 'டாக்ஸானமி' (வகைப்பட்டியல்) அமைக்க ஓர் ஆலோசகர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வகைப்பெயர்களைச் சேமித்து வைக்கும் ஷேர்பாயிண்டின் டெர்ம் ஸ்டோர் ஏழு அடுக்குக்கு மேல் ஏற்காது. எட்டு அடுக்கு என்று விலை சொல்பவர் அதை ஒழுங்காகத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். வேறொரு கம்பெனிக்குத் தயாரித்த பட்டியலில் பெயரை மட்டும் மாற்றி விற்பவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சன்டைசரோடு அரை நாள்கூட உட்காராதவரிடம் வகைப்பட்டியல் வாங்காதீர்கள்.

உங்கள் சிக்கல் இதுதான். ஒரே இன்வாய்ஸைக் கணக்குப் பிரிவு நிதியாண்டு வைத்துத் தேடுகிறது, மெர்ச்சன்டைசர் பையர் பெயரை வைத்துத் தேடுகிறார். ஃபோல்டரில் ஒரு கோப்புக்கு ஒரே இடம்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-லேயே நூலகங்களுக்கு இதற்கு வழி சொல்லிவிட்டார். ஒரு நூலைப் பல கோணங்களில் தனித்தனியாகக் குறித்து, அவற்றைச் சேர்த்து வகைப்படுத்துவதுதான் அவருடைய கோலன் பகுப்பு முறை. கோப்போடு சேர்த்து வைக்கும் விவரக் குறிப்புகளான மெட்டாடேட்டாவின் வேலையும் அதுவே.

ஒவ்வொரு கோப்புக்கும் விவரம் நிரப்ப உங்களுக்கு நான்கு கட்டங்கள் போதும்: ஆவண வகை, பையர், ஸ்டைல் நம்பர், நிதியாண்டு. ஸ்டைல் நம்பர் தவிர எதையும் டைப் அடிக்க விடாதீர்கள். விட்டால் இன்வாய்ஸ், பில், இன்வ் என்று ஒன்றே மூன்றாகும். பையர் பெயர்களை மட்டும் டெர்ம் ஸ்டோரில் வையுங்கள். நிதியாண்டைத் தவறவிட வேண்டாம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எதை எப்போது கழிக்கலாம் என்பது அந்தக் கட்டத்தில்தான் தெரியும்.

சரி, யார் நிரப்புவார்கள்? யாரும் நிரப்ப மாட்டார்கள். அதனால் ஃபோல்டரை முழுதாக ஒழிக்காமல் பையருக்கு ஒன்று என ஒரே அடுக்கு வையுங்கள். லைப்ரரி (ஷேர்பாயிண்டில் கோப்புகள் இருக்கும் பகுதி) செட்டிங்ஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் டீஃபால்ட் மதிப்பு கொடுக்கலாம். அதில் புதிதாக ஏற்றும் கோப்பில் பையர் பெயர் தானாக ஏறிவிடும். கட்டத்தைக் 'கட்டாயம்' ஆக்காதீர்கள். ஆக்கினால், ஒன்டிரைவ் வழியாக லேப்டாப்பில் சிங்க் ஆகும் லைப்ரரி படிக்க மட்டுமே என்று மாறிவிடும். அப்புறம் எல்லாரும் கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

மெட்டாடேட்டாவை நம்பக் கூடாத ஒரே ஒரு விதிவிலக்கு, கவனமாகக் கேளுங்கள்: சம்பளம், பணியாளர் கோப்புகள். 'ரகசியம்' என்று ஒரு கட்டத்தில் குறித்தால் கோப்பு மறையாது. வியூவில் (கோப்புப் பட்டியலைக் காட்டும் திரை) வடிகட்டி ஒளித்தாலும் மறையாது. லைப்ரரிக்குள் நுழைய அனுமதி உள்ளவர் தேடினால் வந்து நிற்கும். மெட்டாடேட்டா பூட்டு அல்ல. சம்பளப் பட்டியலுக்குத் தனி லைப்ரரி, தனி அனுமதி. அந்த லைப்ரரியிலிருந்து யாருக்கும் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' வகை லிங்க் அனுப்பக் கூடாது. கணக்குப் பிரிவுக்கு ஒரு தாள் வேண்டுமென்றால் அந்த ஒரு கோப்பை மட்டும் பெயர் குறித்துப் பகிருங்கள்.

இன்னொன்று, எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது. புதுப் பையர் பெயர் ஒன்றைச் சேர்க்க ஐடி பிரிவுக்கு டிக்கெட், அதற்கு மேலதிகாரி ஒப்புதல், வாரக்கணக்கில் காத்திருப்பு. அதுவரை எல்லாமே 'மற்றவை' என்று விழும். பட்டியலை மாற்றும் உரிமையைச் சீனியர் மெர்ச்சன்டைசர் ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள், பொறுப்பும் அவருடையதே.

லைப்ரரி 5,000 கோப்புகளைத் தொடும் முன் இந்தக் கட்டங்களுக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டுவிடுங்கள். பழைய கோப்புகளை இப்போது தொட வேண்டாம். இந்த சீசன் ஓடும் ஆர்டர்களில் தொடங்குங்கள்.